பதினோரு மணிக்கு ஆறும் பெட்டி

சட்டையின் இடது கையைத் தேய்த்து முடித்து, வலது கையை மேசையில் விரித்தபோது சேவல் கூவியது. பட்டப்பகலில், கழனிவாசல் போகும் சாலையோரப் புங்கமரத்தடியில் சேவல் ஏது என்று புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அது சவரியாயியின் கைப்பேசி. மணி பதினொன்று. கேஸ் இஸ்திரிப் பெட்டியின் குமிழைத் திருகித் தீயைக் குறைத்தாள். பெட்டியைத் தூக்கி, உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றின் மேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பாதி தேய்த்த சட்டை மேசையில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு கிடந்தது.

"யக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான் சட்டைக்காரன், பைக்கை விட்டு இறங்காமலே.

உதடு மட்டும் அசைந்தது. ஒரு டீ ஆறும் நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, மறுபடி சிலுவை போட்டு, தீயைக் கூட்டினாள்.

"கோவிச்சுக்கிறாத தம்பி. டில்லில இப்பத்தேன் மணி அடிச்சு உக்காந்திருக்காக. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன்."

"டில்லிக்கா சொன்ன?"

"டில்லிக்கு மேல சொன்னேன்."

சவரியாயி எனக்கு மருமகள் முறை. அவளுடைய அப்பா சந்தியாகு எங்கள் கண்டரமாணிக்கம் பக்கத்துக்காரர். ஒரே கண்மாய்த் தண்ணீர், பக்கத்துப் பக்கத்து வயல். என் தங்கை கருப்பம்மாள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் ஊன்றியவரே அவர்தான். எங்கள் சாமி வேறு, அவர்கள் சாமி வேறு. ஆனாலும் அவர் என்னை மச்சான் என்றார், நான் அவரை மச்சான் என்றேன். அந்த முறையை விடாமல் இவள் என்னை மாமா என்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. கணவர் மிக்கேல் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. இந்தத் தள்ளுவண்டியும் மேசையும் அவர் விட்டுப்போனவை. ஒரே பிள்ளை தேவசகாயம். ஊருக்கு தேவா. ஏசி மெக்கானிக் படிப்புப் படித்துவிட்டு வெளிநாடு போனான். போகும்போது அம்மாவின் கைப்பேசியில் அந்தச் சேவலை ஏற்றி வைத்துவிட்டுப் போனான். "மணி பாக்குறேன் மணி பாக்குறேன்னு நீ துணியக் கருக்கிருவ. இது கூவும், நீ கும்பிடு" என்றானாம்.

அவளைப் பார்த்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வலது கைதான். இடது கையைவிட ஒரு சுற்றுப் பெரிது. முழங்கை வரை நரம்பு புடைத்து, வேறு யாரோ ஒருவருடைய கையை வாங்கி மாட்டிக்கொண்டது போல இருக்கும். முன்பு கரிப்பெட்டி, இப்போது சிலிண்டரில் ஓடும் கேஸ் பெட்டி. தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஏழு துளை போட்டு வைத்திருக்கிறாள். அதை ஒரு தட்டுத் தட்டினால் துணி முழுக்கப் பூந்தூறல் விழும். சட்டையைத் தேய்க்கும்போது முதலில் கழுத்துப் பட்டையைத் தேய்ப்பாள். பட்டையின் உட்புறத்தில் பெட்டியின் மூக்கை ஒரு கணம் நிறுத்துவாள். அந்தக் கணத்தில் உதடு அசையும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கான ஜெபம் அது.

எங்கள் பகுதியில் கட்சிக்காரர்கள் அதிகம். வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் அவளுக்குத்தான் வரும். எந்தக் கட்சிக் கரை என்றாலும் சரி, கரை மேலே தெரியும்படி ஒரே மாதிரி மடிப்பாள். கட்சிக்காரர்களோடு தாலுகா ஆபீஸ் எழுத்தர், போலீஸ் ஏட்டு, பேங்க் மேனேஜர் என்று நாலு பேருக்குக் கட்டளையிடுகிறவர்கள் எல்லாருடைய துணியும் அந்த மேசைக்கு வந்துதான் போகிறது.

"என் வேட்டியில சிலுவை கிலுவை போட்டுறாத, ஆமா" என்று ஒருமுறை சொன்னார் மருதுபாண்டி. அவர் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர்.

"வேட்டிக்கு எதுக்குங்க சிலுவை? உள்ளுக்க இருக்கிற ஆளுக்குத்தேன் கேக்குறேன்" என்றாள்.

தேர்தல் எண்ணிக்கைக்கு முதல் நாள் இரண்டு பக்கத்துச் சட்டையும் மலையாகக் குவிந்துவிடும். அன்றைக்கு அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. "செயிக்கிறவுக சட்டைக்குக் கஞ்சி கம்மியாப் போதும் மாமா. தன்னால நெஞ்சு நிமுந்துக்கிரும். தோக்கப் போறவுகளுக்குத்தேன் நல்லா வெறப்பாப் போடணும். ஆனா யாரு தோப்பாகன்னு தெரியாதுல்ல, அதான் எல்லாத்துக்கும் வெறப்பாப் போட்டுர்றேன்."

இந்தப் பதினோரு மணி எப்போது தொடங்கியது என்று கேட்டால் கொரோனா வருடத்தைச் சொல்வாள். ஒரு ராத்திரி தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்தது, மறுநாளிலிருந்து ஊர் அடங்கியது. மூன்று மாதம் ஒருவரும் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போகவில்லை. யார் தேய்க்கக் கொடுப்பார்கள்? "தப்பு சொல்லல மாமா. நோய்க்கு வேற வழி இல்லாம இருந்திருக்கும். ஆனா அங்க ஒரு மேசையில ஒரு வார்த்தை முடிவாச்சு, இங்க என் பெட்டி ஆறிப்போச்சு. அன்னைக்குத்தேன் எனக்குப் புத்தி வந்துச்சு. முடிவு பண்ணின பெறகு அழுது என்ன? முடிவு பண்றதுக்கு முந்தியே போய் நிக்கணும். நம்மளால டில்லிக்குப் போக முடியுமா? போக முடிஞ்சவர்கிட்டச் சொல்லிவிடணும்."

பார்லிமெண்ட் காலையில் பதினோரு மணிக்குக் கூடும் என்று ஒரு வாத்தியார் வாடிக்கை சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டாள். சபை கூடாத மாதங்களிலும் விடுவதில்லை. "லீவுலதேன் வீட்ல உக்காந்து யோசிப்பாக" என்பாள். சிக்குன்குனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் பதினோரு மணிக்குச் சேவல் கூவி, வார்டே எழுந்து உட்கார்ந்ததாம்.

"எங்க மாதா கோயில் பூசையில நாட்டுத் தலைவர்களுக்காக ஒரு மன்றாட்டு இருக்கு மாமா. ஒரே வரி. அத வாசிச்சு, நாங்க பதில் சொல்றதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிருவாக. நூத்தி நாப்பது கோடிப் பேரு வெசயம், ஒரு வரில அடங்குமா? சாமியார்கிட்டக் கேட்டேன். மிச்சத்த நீ சொல்லும்மான்னாரு. சொல்லிக்கிட்டிருக்கேன்."

அப்படி என்னதான் சொல்கிறாள் என்று ஒருநாள் காதைத் தீட்டிக் கேட்டேன். யாருடைய பெயரும் இல்லை. எந்தக் கட்சியும் இல்லை. "ஆண்டவரே, இந்நேரம் அந்த மேசையச் சுத்தி உக்காந்திருக்கிற அம்புட்டுப் பேருக்கும் காதைத் திறந்து விடும். பேனாவ எடுக்கிறதுக்கு முந்தி எங்க மூஞ்சிய ஒருக்கா நெனைக்க வையும்." அவ்வளவுதான். இதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள்.

"இது வேணும், அது வேணாம்னு கேக்க மாட்டியா?" என்றேன்.

"எனக்கு என்ன மாமா தெரியும்? அதுவும் என் மேசை மாதிரித்தேன். சூடு கூடிட்டா ஓட்டை. கொறஞ்சிட்டா சுருக்கம். எந்தத் துணிக்கு எம்புட்டுச் சூடுன்னு அவுகளுக்குத் தெரியணும்னு கேக்குறேன்."

"கேட்டது நடக்குதா?"

"சிலது நடக்குது. சிலது நடக்கல. நடக்கலைன்னா என்ன, நாளைக்கும் பதினோரு மணி வருமில்ல?"

இப்படி ஐந்து வருடம் ஓடியது. அதற்குப் பிறகுதான் தேவா வேலை பார்த்த நாட்டில் சண்டை மூண்டது. அந்த நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நம் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தேவா இருந்தது தலைநகரில் இல்லை, தெற்குக் கோடியில் கடலோரமாக ஓர் ஊரில். ஒரே தங்குமிடத்தில் நம்மவர்கள் பன்னிரண்டு பேர். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று நாளைக்கு ஒரு தடவை, அரை நிமிடம் பேசுவான். "நல்லாருக்கேம்மா, சாப்ட்டேன்" என்பான். பின்னால் கேட்கிற சத்தத்துக்கு அவன் பேர் சொல்ல மாட்டான். இவளும் கேட்க மாட்டாள்.

நம் ஆட்களை எப்படிக் கொண்டுவருவது என்று டில்லியில் பேச ஆரம்பித்தார்கள். முதல் முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. பக்கத்து நாட்டு எல்லை வழியாக, தலைநகரில் இருக்கிறவர்களை மட்டும் முதலில் கொண்டுவருவது என்று. தெற்குக் கோடி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேவாவால் தலைநகருக்குப் போகவும் முடியாது. நடுவில்தான் சண்டை.

இந்தச் சங்கதியெல்லாம் எனக்கும் டீக்கடை வீரையாவுக்கும் மட்டும்தான் தெரியும். வண்டிக்கு வருகிறவர்களிடம் அவள் மூச்சு விடவில்லை. வீரையாவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவள் டீயில் சீனியை நிறுத்திவிட்டாள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அவர்கள் அப்படி ஏதாவது ஒன்றை விட்டுவிடுவதுண்டு. இது தவக்காலம் இல்லையே என்று வீரையா கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார்.

"உடையப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுத்தா. மருதுபாண்டிகிட்டச் சொல்லு. ரெண்டு பேர்ல ஒருத்தன் கட்சிக்காவது டில்லில ஆள் இருக்கும்" என்றேன். உடையப்பனும் அவளிடம் வெள்ளை வேட்டி கொடுக்கிற கட்சிக்காரர்தான்.

"வேணாம் மாமா."

"ஏன்?"

ஒரு வேட்டியின் நீளம் முழுக்கப் பெட்டியை ஓட்டிவிட்டுத்தான் பேசினாள். "அஞ்சு வருசமா அவுகளுக்காகக் கேக்குறவ நான். இப்ப அவுகட்டப் போய் எனக்கு இதச் செய்யிங்கன்னா, ஜெபம் பண்ணினதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிராதா?"

இந்த ரோஷம் புதிதில்லை. அவளுடைய அப்பா சந்தியாகுவும் இப்படித்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கக்கூட யோசிப்பார்.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. பதினோரு மணி ஜெபத்தில் மகனைச் சேர்க்க மாட்டாள். அவனுக்குக் காலையில் ஜெபமாலை, சாயங்காலம் ஜெபமாலை. பதினோரு மணி மட்டும் நாட்டுக்கு. "அது அவுக நேரம். அதுல கை வைக்கப்படாது."

இருபதாம் நாள். மூன்று நாளாக போன் இல்லை. சேவல் கூவியது. பெட்டியைக் கல்லில் வைத்தாள். கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்நேரம் அந்த மேசையச் சுத்தி" என்று தொடங்கியவள், அதற்கு மேல் போகவில்லை. "என் மகன், என் மகன், என் மகன்" என்று மூன்று தரம் வந்தது. சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டாள். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவள் போல என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பதினோரு மணிய நான் திருடிட்டேன் மாமா."

"நாட்டுக்குன்னுதானே கேக்குற? அவன் மட்டும் நாட்டுல சேத்தி இல்லையா?" என்றேன்.

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. கையில் கிடைத்த துணியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மடிக்கிறாள், கட்டுகிறாள், துண்டுத்தாளில் பெயர் எழுதிச் செருகுகிறாள். கை வேலை செய்தது, ஆள் அங்கே இல்லை.

அன்று செய்த தப்பு மறுநாள் திருப்பத்தூரில் வெடித்தது.

உடையப்பனும் மருதுபாண்டியும் எதிரெதிர்க் கட்சி. ஆனால் உடையப்பனின் தங்கை அன்னக்கிளியைத்தான் மருதுபாண்டி கட்டியிருக்கிறார். வீட்டுக்குள் மாப்பிள்ளை மச்சான், வீதிக்கு வந்தால் கீரியும் பாம்பும். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே கடையில் எடுத்த வேட்டி, கரை மட்டும் வேறு. மறுநாள் திருப்பத்தூரில் உடையப்பனின் கட்சிக் கூட்டம். விடியுமுன் கரண்ட் இல்லாத வீட்டில் துணிக்கட்டை அவிழ்த்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு, முதல் பஸ் ஏறிவிட்டார். திருப்பத்தூர் ஸ்டாண்டில் இறங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. வரவேற்க வந்த கட்சிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் இருந்தது மருதுபாண்டியின் கட்சிக் கரை.

கூட்டம் முடிகிற வரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லையாம். பேச அழைத்தபோது தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினாராம். ஒன்றரை மணி நேரம் பேசக்கூடிய மனுசன்.

அதற்கு அடுத்த நாள் காலை பத்தரை மணி. வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஏத்தா! உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? முப்பது வருச அரசியலு. ஒரே நாள்ல கட்சி மாறிட்டேன்னு வாட்ஸப்புல போட்டோ ஓடுது!"

பின்னாலேயே மருதுபாண்டி, கையில் இன்னொரு வேட்டியோடு. "எங்க கட்சிக்கு வாறதா இருந்தா மொறையா வாங்க மச்சான். இப்படிக் கூச்சப்பட்டு வேட்டிய மட்டும் கட்டிப் பாக்குறீக."

"மாப்ள, வாய மூடிக்க."

"உங்களுக்கு அந்தக் கரை நல்லாத்தேன் இருந்துச்சு. உங்க தங்கச்சியே சொன்னா."

வீரையா கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சவரியாயி சிரிக்கவில்லை. கைகூப்பி நின்றாள். "தப்புத்தேன். மன்னிச்சிருங்க. முந்தாநேத்து எனக்கு நெதானம் இல்ல."

"என்ன நெதானம் இல்ல? அஞ்சு வருசத்துல ஒரு பித்தான் தவறினதில்ல உங்கிட்ட. என்ன ஆச்சு?"

வீரையாதான் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே போட்டுடைத்தார். "அவ மகன் வெளிநாட்டுல தெக்க மாட்டிக்கிட்டான்ங்க. சண்டை நடக்குற ஊருல. இருபத்திரெண்டு நாளாச்சு."

சிரிப்பு நின்றது. உடையப்பன் கக்கத்திலிருந்த வேட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"எங்களுக்காக அஞ்சு வருசமா சாமிகிட்டப் பேசுற. எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசப்படாதாத்தா?"

"கூலி கேட்ட மாதிரி ஆயிரும்னு..."

"கூலியா? அடி இவளே, இது எங்க வேலைத்தா! நீ சாமிகிட்டச் சொல்லிட்டுச் சும்மா இருந்துட்டா, சாமி வேற யாருகிட்டச் சொல்லும்? எங்களுக்குக் காதைத் திறந்து விடச் சொல்லி நீதான கேட்ட? திறந்துதான இருக்கு, பேசு!"

அப்போதுதான் அவள் அழுதாள். நான் பார்த்து முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அந்த மரத்தடியில் நின்று பார்த்தேன். மருதுபாண்டிக்குக் கையெழுத்து முத்துப்போல இருக்கும். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு முழுத்தாள் வாங்கிவந்து, தேய்ப்பு மேசையிலேயே வைத்து மனு எழுதினார். பன்னிரண்டு பேருடைய பெயர், ஊர், பாஸ்போர்ட் எண், தங்குமிடம். எல்லாம் தேவா முன்பே அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பி வைத்திருந்தான். "எங்கள் கட்சி சார்பாக" என்று எழுதப் போனவரை உடையப்பன் தடுத்தார். "ஊர்ப் பொதுமக்கள்னு போடு." யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று அடுத்த சண்டை. இவர் இழுக்க, அவர் இழுக்க, தாள் கசங்கிப் போயிற்று.

"குடுங்க இங்குட்டு" என்று வாங்கினாள் சவரியாயி. தீயைக் குறைத்தாள். தாளின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, சூடு போதும் போதாததுமாக இருக்கும்போது பெட்டியை மெதுவாக ஒரு ஓட்டு ஓட்டினாள். தாள் புதுத்தாள் போல ஆகிவிட்டது. "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. வேட்டிக்கு ரெண்டு பக்கமும் கரை இல்லையா?"

போட்டார்கள். படம் எடுத்து, அவரவர் கட்சி வழியாக டில்லிக்கு அனுப்பினார்கள். ஒரே மனு இரண்டு வழியில் போனது. அனுப்பி முடிக்கவும் சேவல் கூவியது. பெட்டி கல்லுக்குப் போனது. அவள் கண்ணை மூடினாள். உடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மருதுபாண்டி கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் பேசாமல் அடுத்தடுத்து நின்றதை எங்கள் பகுதியில் கண்டவர்கள் நாங்கள்தான்.

ஒருநாள், இரண்டு நாள், மூன்று நாள். ஒன்றும் வரவில்லை. நடுவில் தேவா ஒருமுறை பேசினான், உயிரோடு இருக்கிறான் என்பதற்கு மட்டும். நான்காம் நாள் பதினோரு மணிக்கு அவள் கண்ணை மூடப் போனபோது எனக்கே பொறுக்கவில்லை. "மனுத்தான் போயிருச்சே. இன்னும் எதுக்குத்தா தெனமும் அதையே சொல்லிக்கிட்டு?"

"மனு போய் மேசையில கெடக்கும் மாமா. எத்தனை ஊரு மனுவோ அதுக்கு மேல கெடக்கும். எடுக்குறதுக்கு ஒரு கை நீளணும்ல? அந்தக் கை நீளுற வரைக்கும் நான் நிக்கணும்."

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணி இருக்கும். வீரையா கடைக்குள்ளிருந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தெற்குத் துறைமுகத்துக்குக் கப்பல் அனுப்ப முடிவு செய்திருக்கிறார்கள் என்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். சவரியாயி இன்னொரு தடவை வைக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பெட்டியைக் கல்லில் வைத்துவிட்டு, தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வீரையா சீனி தூக்கலாகப் போட்டு ஒரு டீ கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம்ணே. கப்பல் ஏறட்டும்."

எங்கள் மனுவைப் பார்த்து முடிவு செய்தார்களா, அதற்கு முன்பே செய்துவிட்டார்களா, யாருக்குத் தெரியும்? எத்தனையோ ஊரில் எத்தனையோ தாய்மார் கேட்டிருப்பார்கள். உடையப்பன் தன் கட்சியால் நடந்தது என்கிறார். மருதுபாண்டி தன் கட்சியால் என்கிறார். சவரியாயியிடம் கேட்டால், "ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்" என்று மடிப்பில் விரலை ஓட்டுகிறாள்.

நான்கு நாள் கழித்துக் கப்பல் மேல்தளத்தில் நின்றபடி தேவா ஒரு படம் அனுப்பினான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், பல் மட்டும் தெரிந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கி முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். எல்லாம் இருக்கிறது என்று ஆனபிறகு, "வீரையாண்ணே, சீனி போட்டு ஒண்ணு" என்றாள். வீரையா மூன்று கரண்டி போட்டார். பாகு மாதிரி இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

அவன் வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை. விமானத்தில் திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் நேரே வண்டிக்கே வந்துவிட்டான். மணி பத்தே முக்கால். ஆட்டோ நின்றதையும் அவள் பார்க்கவில்லை. எதிரே நிழல் விழவும், துணிக்காரர் என்று நினைத்துக் கையை நீட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியைக் கல்லில் வைத்தாள். அந்த நேரத்திலும் அதை வைக்க மறக்கவில்லை. அப்புறம் அவன் தலையை இழுத்துத் தோளில் புதைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம். வீரையா தேவையே இல்லாமல் பாய்லரைத் துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. "என்னடா சட்ட இது? மாட்டு வாய்க்குள்ள இருந்து எடுத்த மாதிரி. கழத்து."

"யம்மா, நடு ரோட்டுல..."

"கழத்துன்னா கழத்து. எத்தனை பேரு உன்னப் பாக்க வருவாக. இஸ்திரிக்காரி மகன் இப்படியா நிப்பான்?"

பனியனோடு நின்றான். அவள் ஏழு துளைப் பாட்டிலைத் தட்டினாள். கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் பெட்டியின் மூக்கு எப்போதும் நிற்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது. கை இரண்டும் முடிந்தது. முதுகுப் பக்கத்தை விரித்தாள்.

சேவல் கூவியது.

இன்றைக்குமா என்று எனக்குத் தோன்றியது. தேவாவுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். "யம்மா, அதேன் வந்துட்டேன்ல" என்றான்.

"நீ வந்துட்ட. உன் கூட இருந்த பன்னெண்டு பேர்ல மூணு பேரு வரலைல்ல? பேப்பர் சரியில்லன்னு நிக்கிறாகன்னு நீதான சொன்ன? இன்னொரு கப்பல் போகுமா போகாதான்னு இப்பத்தேன் அங்க உக்காந்து பேசிக்கிட்டிருப்பாக."

குமிழைத் திருகினாள். பெட்டி கல்லுக்குப் போனது. சிலுவை போட்டுக் கண்ணை மூடினாள். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் காதைத் திறந்து விடும் என்று தொடங்கி, மூன்று பேர் பெயரையும் சொன்னாள். ஐந்து வருடத்தில் பதினோரு மணிக்கு இன்னாருக்கு என்று அவள் கேட்டது, மகனுக்கு அப்புறம் இதுதான்.

டீ வாங்கிவரலாம் என்று தேவா மெல்லத் திரும்பினான். அவள் கண் திறக்கவில்லை. உதடு நிற்கவில்லை. இடது கை மட்டும் தானாக நீண்டு அவனுடைய பனியன் ஓரத்தைத் தேடிப் பிடித்து, விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.